சாவி விழுந்த இடம்

1

இந்தக் கதை என்னுடையதல்ல, அக்கா வீட்டுக்காரருடையது. இதை முதலிலேயே ஒப்புக்கொண்டுவிட்டால் பிறகு நிம்மதியாகப் பொய் சொல்லலாம்.

அத்தான் ஹெலிகாப்டர் மெக்கானிக். இரண்டே பேர் உட்காரக்கூடிய சின்ன ஹெலிகாப்டர். அதை ஓட்டிய கேப்டன் அதோடு விழுந்து செத்துப்போனார். ரத்தத்தில் மது இருந்ததாக அறிக்கை வந்தது.

"மாப்ளே, கதை எழுதறவன்தானே நீ, இதை எழுதிக் குடு. ஆனா அழுமூஞ்சியா எழுதாதே. அந்த ஆளுக்கு அது பிடிக்காது" என்றார் அத்தான்.

2

முதல் தொடக்கம்: 'மேகங்கள் கனத்திருந்த அந்தக் காலையில், விதி தன்...'

(அடித்துவிட்டேன். அன்று மேகமே இல்லையாம். விதியைப் பற்றி அத்தானுக்கு ஒன்றும் தெரியாதாம்.)

இரண்டாவது தொடக்கம்: குடிகாரனாக நடிப்பதில் கேப்டனை அடித்துக்கொள்ள ஆள் கிடையாது. யார் பிறந்தநாளானாலும் "கேப்டன், ஒரு நடை!" என்று பிடித்துக்கொள்வார்கள். தள்ளாடி வருவார். நாற்காலியில் இடித்துக்கொண்டு நாற்காலியிடமே மன்னிப்புக் கேட்பார். ஃபிரிட்ஜைத் திறந்து, உள்ளே எரியும் விளக்குக்கு சல்யூட் அடிப்பார். அக்கா வயிற்றைப் பிடித்துக்கொண்டு தரையிலேயே உட்கார்ந்துவிடுவாள். கடைசியாக அத்தான் தன் பைக் சாவியை எறிவார். விழப்போகிறவர் போலச் சாய்ந்தபடியே கேப்டன் அதை ஒற்றைக் கையால் லபக்கென்று பிடிப்பார். ஒருநாளும் தவறவிட்டதில்லை.

(இங்கேயே நிறுத்தியிருந்தால் இது நல்ல நகைச்சுவைக் கதை.)

3

அந்தக் காலை. ஹெலிகாப்டரைப் பக்கத்து ஊரில் கொண்டுபோய் விடவேண்டும். கேப்டன் தனியாகத்தான் போகிறார். ஷெட் ஆணியில் தொங்கும் சாவியை மெக்கானிக்தான் எடுத்துக் கொடுக்கவேண்டும் என்பது அங்கே வழக்கம்.

கேப்டன் தள்ளாடிக்கொண்டு வந்தார். ஹெலிகாப்டரின் வாலில் இடித்துக்கொண்டார். "சாரி மேடம்" என்று வாலுக்கு ஒரு சல்யூட் அடித்தார். அத்தான் கைதட்டினார். சாவியை எறிந்தார்.

கேப்டன் பிடிக்கவில்லை.

"அதுக்கும் சிரிச்சேன் மாப்ளே. புதுசா ஒரு ஐட்டம் சேர்த்திருக்கார்னு நெனச்சேன். குனிஞ்சு தேடறார், கிடைக்கலை. நானே எடுத்து, கையில வெச்சு, விரலை மடக்கிவிட்டேன்."

பத்து நிமிடத்தில், வேலிக்கு அப்பால், ஹெலிகாப்டர் மின்கம்பியில் மாட்டி விழுந்தது.

இப்போதெல்லாம் யாராவது ஜோக் சொன்னால் அத்தான் சிரிப்பதில்லை. முதலில் அவர்கள் கையைப் பார்க்கிறார். அக்காவுக்கு அதுதான் கவலை. "சிரிக்காத மனுஷனோட எப்படிடா குடித்தனம் பண்றது?" என்கிறாள்.

4

ஒரு முடிவு: மூடுபனியை வரவழைத்து ஹெலிகாப்டரைக் கிளம்பவிடாமல் செய்தேன். "வெயில் மண்டையைப் பிளந்துச்சு" என்று அத்தான் திருப்பிக் கொடுத்துவிட்டார்.

இன்னொன்று: அத்தான் சந்தேகப்பட்டு கேப்டனின் வாயை முகர்ந்து பார்க்கிறார். சண்டை வருகிறது. கேப்டன் கோபித்துக்கொண்டு வீட்டுக்குப் போய்க் குறட்டை விட்டுத் தூங்குகிறார். இதை அத்தான் இரண்டு முறை படித்தார்.

"நல்லாத்தான் இருக்கு. ஆனா நான் அப்படிச் செய்யலையே" என்றார்.

பிறகு முதல் பக்கத்திலிருந்து திரும்பப் படித்தார். ஃபிரிட்ஜ் விளக்குக்கு சல்யூட் அடிக்கும் இடத்தில் அவருக்குப் புரை ஏறும் அளவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அக்கா சமையலறையிலிருந்து கரண்டியோடு ஓடிவந்தாள்.

"படிக்கறவங்களும் இங்க சிரிப்பாங்கல்ல?" என்று கண்ணைத் துடைத்துக்கொண்டே கேட்டார்.

"சிரிப்பாங்க அத்தான்."

"அப்ப சாவி விழுந்ததோட நிறுத்திடு. நான் எடுத்ததை எழுதாதே. அவங்களும் கொஞ்சம் அங்க நின்னு பார்க்கட்டும்."

5

ஆகவே, கேப்டன் சாவியைப் பிடிக்கவில்லை என்பதற்குப் பிறகு வந்ததையெல்லாம் நான் அடித்துவிட்டதாக வைத்துக்கொள்ளுங்கள். நல்ல வெயில். சாவி உங்கள் காலடியில் கிடக்கிறது. கேப்டன் குனிந்து தேடுகிறார். கிடைக்காமல் நிமிர்ந்து, உங்கள் நிழலுக்கு ஒரு சல்யூட் அடித்துவிட்டுக் கையை நீட்டுகிறார். சிரிப்பு வந்தால் தாராளமாகச் சிரியுங்கள், அவருக்கு அதுதான் பிடிக்கும். சாவியை மட்டும்...