தகவல் தந்தவர்

இதில் வரும் ஒவ்வொரு சொல்லும் உண்மை. கடவுள்மேல் ஆணையாக உண்மை. கடவுளை நம்பாதவர்களுக்கு, பதிவுத்துறையின் ரப்பர் முத்திரைமேல் ஆணையாக உண்மை. கிளி பேசியதும் உண்மை. ஒரு காற்புள்ளிகூட கையிலிருந்து போட்டுக் கூட்டவில்லை.

படிவத்தின் ஆறாவது கட்டத்தில் கெய்லீனின் பேனா நின்றுபோயிருந்தது. "இறந்தவரின் தாயார்: மணத்துக்கு முந்தைய குடும்பப் பெயர்" என்று கேட்டிருந்தது கட்டம். அவள் பேனாவின் வாலைக் கடித்தாள். அடுப்பைப் பார்த்தாள். நேற்று அப்பா பாதி குடித்துவிட்டு வைத்த பட்டாணி சூப், பாத்திரத்தில் ஆடை கட்டிக் கிடந்தது. பக்கத்து அறையில், கழுத்துவரை போர்வை இழுத்துவிடப்பட்டு, அப்பா கிடந்தார். எண்பத்தொரு வயது. தபால்காரராக இருந்து ஓய்வு பெற்றவர். ஆஸ்திரேலியாவின் பெண்டிகோ ஊரில் அவர் கடிதம் போடாத வீடில்லை, அவரைக் கடிக்காத நாயில்லை.

மதியம் பன்னிரண்டு பத்துக்குப் போனார். அரைமணியில் டாக்டர் வந்து பார்த்து, "போயிட்டார், கெய்லீன்" என்றார். ஜன்னலுக்கு வெளியே கூண்டிலிருந்த காக்கட்டூ கிளி, "ஆதாரம் எங்கே?" என்று கேட்டது. டாக்டர் இளைஞர், மனசாட்சி உள்ளவர். ஸ்டெதாஸ்கோப்பை மறுபடி காதில் மாட்டிக்கொண்டு இன்னொரு முறை பார்த்தார்.

கிளியைக் குறை சொல்லிப் பயனில்லை. பதினான்கு வருடமாக ஒவ்வொரு சனிக்கிழமையும் மாலை ஆறு மணிக்கு, மடிக்கணினியிலிருந்து இங்கிலாந்துக்காரி ஒருத்தி அதே கேள்வியை அப்பாவிடம் கேட்டுக்கொண்டிருந்தாள். கிளி அதைத்தான் வணக்கம் சொல்லும் முறை என்று எடுத்துக்கொண்டுவிட்டது.

இறுதிச் சடங்கு நிறுவனத்தின் வெண்டி இரண்டு மணிக்கு வந்து படிவத்தைக் கொடுத்துவிட்டுப் போயிருந்தாள். ஊர்தி ஏழு மணிக்குத்தான் வருமாம். பக்கத்து ஊரான எச்சூகாவில் வேறொருவர் முந்திக்கொண்டாராம். "அதுக்குள்ள எழுதி வச்சிடு கண்ணு. அப்பாவோட சேர்த்து எடுத்துட்டுப் போயிடறேன். தெரியாததுக்கு 'தெரியாது'ன்னு போட்டுடு, ஒண்ணும் குத்தமில்ல" என்றாள்.

குற்றமில்லையா! மெர்வ் டிரெம்பாத்தின் வீட்டில், அவர் பிணத்துக்குப் பத்தடி தூரத்தில் இதைச் சொன்ன பெண்ணுக்குத் தைரியம் அதிகம். உலகத்தில் அப்பாவுக்கு ஒரே எதிரிதான்: தகவல் தந்தவர். பழைய இறப்புச் சான்றிதழ்களின் அடியில் தகவல் தந்தவர் என்று ஒரு பெயர் இருக்கும். அந்த ஆள் சோம்பேறியாக இருந்தால் தாயார் பெயர் தெரியாது, பிறந்த ஊர் தெரியாது, எதுவுமே தெரியாது. கொள்ளுத்தாத்தாவின் சான்றிதழில் நான்கு இடத்தில் "தெரியாது" என்று எழுதவைத்த மருமகனின் கல்லறையைத் தேடிப் போய், அப்பா அதன்முன் நின்று நாற்பது நிமிடம் திட்டினார். மறு வாரம் அந்தக் கல் ஒருபக்கமாகச் சாய்ந்திருந்தது. வெட்கம் என்றார் அப்பா. நகராட்சி முயல்வளை என்றது.

இப்போது தகவல் தருபவர் கெய்லீன். பாட்டியின் பிறந்தவீட்டுப் பெயரை அப்பா அவளுக்கு அறுநூறு தடவையாவது சொல்லியிருப்பார். அறுநூறு தடவையும் அவள் "அப்படியா" என்று சொல்லியிருந்தாள்.

அப்பா சனிக்கிழமைக் கூட்டாளிகளோடு சேர்ந்து கணினியில் வளர்த்துவந்த வம்ச மரத்தின்மேல் அவளுக்கு ஒரு கோபம் இருந்தது. பதினோராயிரம் செத்தவர்களுக்கு அதில் பெயர், தேதி, தொழில் எல்லாம் உண்டு. உயிரோடு இருப்பவர்களை மட்டும் பெயர் போடாமல் மறைத்துவிட வேண்டும் என்பது வம்சம் தேடுகிறவர்களின் வழக்கம். அவள் வெறும் சாம்பல் நிறக் கட்டம். "நான் செத்தாத்தான் உங்க மரத்துல எனக்குப் பேரா?" என்று ஒருநாள் கேட்டாள். "அவசரமில்லம்மா. இடம் போட்டு வச்சிருக்கேன்" என்றார் அப்பா, திரும்பிப் பார்க்காமலே.

மணி ஆறு. மடிக்கணினி மணியடித்தது.

கெய்லீனுக்கு அப்போதுதான் இன்று சனிக்கிழமை என்பது உறைத்தது. யாருக்கும் சொல்லவில்லை. அடித்து ஓயட்டும் என்று விட்டாள். ஓயவில்லை. ஈரமில்லாத கையைப் பாவாடையில் துடைத்துக்கொண்டு பொத்தானை அழுத்தினாள்.

திரையில் இரண்டு சதுரங்கள். ஒன்றில் இங்கிலாந்தின் கார்ன்வாலிலிருந்து பெரில் நான்கிவெல், அங்கே அப்போதுதான் காலை என்பதால் வீட்டு உடுப்பில், கையில் வெண்ணெய் தடவிய ரொட்டியோடு. இன்னொன்றில் வேல்ஸிலிருந்து இவோர், ஒரு காலத்தில் ரயில்வேயில் கைகாட்டி போட்டவர், வீட்டுக்குள்ளும் தொப்பி போட்டிருப்பவர்.

"மெர்வ், வழக்கம்போல சுவத்தைக் காட்டறே" என்றார் இவோர். "கேமராவைத் திருப்புப்பா. உன் மூஞ்சிக்கு அந்தச் சுவரே தேவலைங்கறது வேற விஷயம்."

"நான் சொன்ன வில்லியம் விஷயம் பார்த்தீங்களா?" என்றாள் பெரில். "ஒரே கிராமத்துல ஏழு வில்லியம் டிரெம்பாத். ஏழு பேரும் சுரங்கக்காரன், ஏழு பேர் பெண்டாட்டியும் மேரி. நீங்க பாட்டுக்கு ஒத்தைக் கண்ணனைப் புடிச்சுத் தாத்தாவாக்கிட்டீங்க. ஆதாரம் எங்கே?"

"ஆதாரம் எங்கே?" என்றது ஜன்னலுக்கு வெளியே கிளி.

கெய்லீன் நாற்காலியை இழுத்துப் போட்டுத் திரைக்கு முன்னால் உட்கார்ந்தாள். "நான் கெய்லீன். மெர்வோட பொண்ணு. அப்பா இன்னிக்கு மத்தியானம் போயிட்டார்."

இவோர் தொப்பியைக் கழற்றினார். பதினான்கு வருடத்தில் முதல் தடவையாக அவர் வழுக்கை வெளியே தெரிந்தது. பெரில் ரொட்டியைத் தட்டில் வைத்தாள், மூக்குக்கண்ணாடியைப் போட்டுக்கொண்டாள், நோட்டைத் திறந்தாள்.

"எத்தனை மணிக்கு, தங்கம்?"

"பன்னிரண்டு பத்து."

"உங்க நேரமா, எங்க நேரமா?"

"எங்க நேரம்."

பெரில் எழுத ஆரம்பித்தாள். இரண்டு எழுத்து எழுதிவிட்டு, கண்ணாடியைக் கழற்றி, திரையை விட்டு நகர்ந்துபோனாள். காலி நாற்காலியும் ரொட்டியும் மட்டும் தெரிந்தன. மூக்குச் சிந்தும் சத்தம் கேட்டது. அவள் திரும்பி வந்து உட்கார்ந்து, விட்ட இடத்திலிருந்து எழுதினாள்.

"எனக்கு ஒரு உதவி வேணும்" என்றாள் கெய்லீன். "பதிவுப் படிவம். எங்க பாட்டியோட பொறந்தவீட்டுப் பேரு…"

"ஹோக்கிங்!" என்றார்கள் இருவரும் ஒரே நேரத்தில்.

"ஐரீன் மே ஹோக்கிங்" என்றாள் பெரில். "ஈகிள்ஹாக்ல பொறந்தா. இதுகூடத் தெரியாதா உனக்கு? அவர் சொல்லவே இல்லையா?"

"சொல்லுவார். நான் பட்டாணி உரிச்சிட்டே தலையாட்டுவேன்."

"விடு பெரில்" என்றார் இவோர். "உன் பையனுக்கு உன் பேராவது தெரியுமான்னு முதல்ல கேட்டுப் பாரு."

அதன்பிறகு படிவம் பறந்தது. கட்டத்தைக் கெய்லீன் படிப்பாள். அவள் படித்து முடிக்கும் முன்பே கார்ன்வாலிலிருந்து பதில் வந்துவிடும். தாத்தா பெயர், தொழில், அப்பா பிறந்த தெரு, கல்யாணம் ஆன தேவாலயம். அவள் அம்மா அன்றைக்குப் போட்டிருந்த செருப்பின் நிறம்வரை பெரிலுக்குத் தெரிந்திருந்தது, கட்டம்தான் இல்லை. கல்யாணத் தேதியில் மட்டும் இருவருக்கும் சண்டை வந்தது. பதினொன்று என்றார் இவோர். பன்னிரண்டு என்றாள் பெரில். "பதினொண்ணாம் தேதி மழை. மழையில கல்யாணம் பண்ணினா மெர்வ் வாரா வாரம் அதைச் சொல்லிக் காமிச்சிருக்க மாட்டாரா?" என்று பெரில் மடக்கியபின் பன்னிரண்டு ஆயிற்று.

ஒரு கட்டம் தவிர எல்லாம் முடிந்தது. அதை யாரும் உதவி செய்து நிரப்ப வேண்டியதில்லை. கெய்லீன் அதை எழுதப் போனபோது இவோர் தொண்டையைச் செருமினார்.

"பெரில், அதைச் சொல்லிடு."

"சொல்ல மாட்டேன்."

"நோட்டுல இருக்கே."

"நோட்டுல ஏறினதெல்லாம் நியாயம்னு அர்த்தமில்ல இவோர்."

"என்ன விஷயம்?" என்றாள் கெய்லீன்.

பெரில் பெருமூச்சு விட்டு, பக்கத்தைப் பின்னால் திருப்பி, பஞ்சாயத்துத் தீர்ப்பு வாசிக்கும் குரலில் வாசித்தாள். "மே பதினேழு. மழை: மூணு ஊர்லயும். கெய்லீன்: பல் டாக்டர்கிட்ட போயிட்டு வந்தா, பாதி மூஞ்சி மரத்துப்போய் அப்பாவைப் பார்த்துச் சிரிச்சதுல அவர் பயந்துட்டார். சூப்: பட்டாணி. இவோர் முழங்கால்…"

"நான் எதுக்கு அதுல?"

"நீ எல்லா வாரமும் இருக்கே" என்றாள் பெரில், நிமிராமல். "மழைக்கு அப்புறம், சூப்புக்கு முன்னாடி."

"நீங்க செத்தவங்களைப் பத்திப் பேசுவீங்கன்னுல்ல நினைச்சேன்."

"கடைசி அஞ்சு நிமிஷம் பேசுவோம்" என்றார் இவோர். "நேரம் இருந்தா."

கெய்லீன் எழுந்துபோய் அடுப்பில் அணைந்தே இருந்த தீயை மறுபடி அணைத்துவிட்டு வந்தாள்.

பெரில் தொடர்ந்தாள். "மெர்வ் வேண்டுகோள்: என் சான்றிதழ்ல ஒரே ஒரு இடத்துல பொய் இருக்கணும். எல்லாம் சரியா இருந்தா, நூறு வருஷம் கழிச்சு என்னைத் தேடி வர்றவன் அஞ்சு நிமிஷத்துல என்னை முடிச்சிட்டு டீ குடிக்கப் போயிடுவான். கொஞ்ச நாள் என்கூட இருக்கட்டும். எந்த இடம்னு கெய்லீன் முடிவு பண்ணட்டும். உங்களுக்கும் தெரியக் கூடாது. ஆதரவு: இவோர். எதிர்ப்பு: பெரில். தலைவர் மெர்வ் தன் ஓட்டைத் தனக்கே போட்டதால நிறைவேறியது."

கெய்லீன் படிவத்தைப் பார்த்தாள். இருபத்தாறு வருடமாகப் பள்ளிக்கூட அலுவலகத்தில் வருகைப் பதிவேடு எழுதுகிறவள். தலைமையாசிரியர் கெஞ்சியும் ஒரு நாளும் ஒரு குறியை மாற்றிப் போட்டதில்லை. படிவத்தின் அடியில், தகவல்கள் உண்மை என்று உறுதி கூறுகிறேன் என்ற வரிக்குக் கீழே, கையெழுத்து முன்பே போட்டாகிவிட்டது.

"இது சட்டப்படி குத்தம்" என்றாள்.

"குத்தந்தான்" என்றார் இவோர் உற்சாகமாக. "தொழில்: கலங்கரை விளக்கக் காவலாளின்னு போடு. உங்க ஊர்லேர்ந்து கடல் எவ்வளவு தூரம்? இருநூறு கிலோமீட்டரா? அற்புதம்."

"உங்களுக்குத் தெரியக் கூடாதுன்னு இருக்கே" என்றாள் கெய்லீன்.

"வாயை மூடிக்கறேன்."

பெரில் ரொட்டியின் ஓரத்தைப் பிய்த்துக்கொண்டிருந்தாள். "பதினாலு வருஷமா அடுத்தவன் பொய்யை எல்லாம் தோண்டி எடுத்துத் திருத்தினோம். இப்ப நாமே ஒண்ணை நட்டு வைக்கறதா? எனக்குப் பிடிக்கல தங்கம். செய்யறதுன்னா ஒரு நிபந்தனை. அந்தப் பொய்யால நஷ்டம் வந்தா, அது பொய் சொல்றவங்களோடயே போகணும், வேற யாருக்கும் வரக் கூடாது."

"அப்பாவுக்கு எதைத் தேடறதுதான் ரொம்பப் பிடிக்கும்?" என்று கெய்லீன் கேட்டாள். "பதினான்கு வருஷத்துல நான் அதைக் கேட்டதே இல்ல."

பெரில் யோசித்தாள். "எழுதியிருக்கறவங்களை அவர் ஒரு தடவை பார்ப்பார், டிக் போடுவார், போயிடுவார். விட்டுப்போனவங்களைத்தான் விடவே மாட்டார். வருஷக் கணக்கா. சாப்பிடும்போதுகூட அந்தப் பேரையே சொல்லிட்டிருப்பார்."

வெளியே கார் திரும்பும் வெளிச்சம் சுவரில் ஓடியது. மணி ஏழுக்கு ஐந்து நிமிடம்.

"அடுத்த சனிக்கிழமை?" என்றார் இவோர். கேள்வி யாருக்கு என்று தெரியாமல் இருந்தது.

"எனக்கு வில்லியமும் தெரியாது, மேரியும் தெரியாது."

"சூப் தெரியுமில்ல? ஆறு மணிக்கு உட்காரு, கண்ணு. மழை பெஞ்சதான்னு சொல்லு. அது போதும்" என்றார் இவோர்.

மடிக்கணினியை மூடினாள். படிவத்தோடு பக்கத்து அறைக்குப் போனாள். அப்பா குறுக்கெழுத்துப் புதிர் போட மடியில் வைத்துக்கொள்ளும் பலகை கட்டிலருகே சாய்ந்து கிடந்தது. அதை மடியில் வைத்து, அதன்மேல் படிவத்தை வைத்து, மீதமிருந்த கட்டத்தில் ஒரே ஒரு சொல் எழுதினாள். மை காய்கிறவரை ஊதினாள். போர்வை அவர் தோளில் கொஞ்சம் நகர்ந்திருந்தது, சரிசெய்தாள். படிவத்தை உறையில் போட்டு, நாக்கால் ஈரப்படுத்தி ஒட்டினாள். கதவு தட்டப்பட்டபோது எழுந்துபோய்த் திறந்தாள்.

"எல்லாம் எழுதிட்டியா?" என்றாள் வெண்டி.

"எழுதிட்டேன்."

சான்றிதழ் மூன்று வாரத்தில் வந்தது. யாருக்குச் சந்தேகமோ அவர்கள் பதிவுத்துறையில் ஒரு பிரதி கேட்டு வாங்கிப் பார்த்துக்கொள்ளலாம். பிறந்த இடம் சரி. தாயார் ஐரீன் மே ஹோக்கிங், சரி. தொழில் தபால்காரர், சரி. கல்யாணம் பன்னிரண்டாம் தேதி, சரி. மெர்வின் ஜான் டிரெம்பாத்துக்குப் பிள்ளைகள் கிடையாது.