என் கையின் அளவு

தங்கையின் காரில் அந்த மஞ்சள் விளக்கு மூன்றாம் முறை எரிந்தபோது, அவளோடு அவள் கணவரும் என் பட்டறைக்கு வந்தார். அவர் சட்டைப் பையில் ஒரு கவர் துருத்திக்கொண்டிருந்தது.

"ராஜினாமா கடிதம், மச்சான். கையெழுத்துப் போட்டுட்டா. அஞ்சு மணிக்குள்ள ஆஸ்பத்திரியில குடுத்துடணும். நீங்க வண்டியைச் சரி பண்ணிக் குடுங்க, வித்துடலாம்."

தங்கை மூலையில் பிளாஸ்டிக் நாற்காலியில், மடியில் வேலைப் பையை வைத்துக்கொண்டு உட்கார்ந்தாள். மேட்டு உச்சியில் இருக்கும் ஆஸ்பத்திரியில் ரத்தப் பரிசோதனை செய்கிறவள். பஸ் அடிவாரத்தோடு நின்றுவிடும். காரோ பதினேழு வருடப் பழசு. விளக்கு எரிந்தால் இழுவை போய் மேட்டில் திணறும். தாமதமாக வந்ததற்கு இரண்டு எச்சரிக்கைக் கடிதம் வாங்கிவிட்டாள். அவளை வீட்டோடு உட்காரவைக்க மாப்பிள்ளை கல்யாணமான நாளிலிருந்து ஒரு காரணம் தேடிக்கொண்டிருந்தார். அதை எடுத்துக் கொடுத்த புண்ணியவான் நான்தான்.

போன தடவை நாலு பேர் முன்னால் சொன்னேன்: "வண்டியில ஒண்ணுமில்ல. இவ மிதிக்கிற மிதிக்கு எந்த என்ஜின் தாங்கும்?" நுணலும் தன் வாயால் கெடும் என்பார்கள். இங்கே என் வாயால் கெட்டது அவள்.

ஸ்கேனர் இம்முறையும் நாக் சென்சாரைத்தான் காட்டியது. நடுவில் ஓட்டை போட்ட சின்ன வட்டு அது. ஒற்றை போல்ட்டில் என்ஜினோடு ஒட்டி உட்கார்ந்து, உள்ளே பெட்ரோல் தப்பான நேரத்தில் வெடித்துத் தட்டுகிறதா என்று காது கொடுத்துக் கேட்கும். அதன் காது கெட்டால் கம்ப்யூட்டர் பயந்து இழுவையைக் குறைத்துவிடும். அதைத் தொடவே மேலே இருக்கிற காற்றுக் குழாய்க் கூடு, மேனிஃபோல்டை, முழுசாக இறக்க வேண்டும். முதல் தடவை, சென்சார் கிழடு என்று மாற்றினேன். இரண்டாம் தடவை, எலி கடித்திருக்கும் என்று வயரையும் சேர்த்து மாற்றினேன். எலிக்கு அப்புறம்தான் தங்கை மேல் பழி போட்டேன்.

மதியத்துக்குள் சென்சாரைக் கழற்றித் துடைத்தேன். போல்ட் ஓட்டையிலிருந்து மயிரிழை போல ஒரு விரிசல். பழைய சாமான் தட்டைக் கவிழ்த்து, போன தடவை கழற்றியதைத் தேடி எடுத்தேன். அதிலும் அதே இடத்தில் அதே விரிசல். காரோடு வந்த முதல் சென்சாரில் விரிசலே இல்லை. விரிசல் விட்ட இரண்டும் நான் மாட்டியவை.

இந்தத் தெருவில் என் பெயர் கிடுக்கி. நான் முறுக்கிய போல்ட் என்னைத் தவிர யாருக்கும் கழலாது என்று இருபது வருடமாக மார்தட்டியவன். சென்சார் பெட்டியில் வரும் காகிதத்தில் கை துடைப்பேனே தவிர, படித்ததில்லை. இன்று பிரித்தேன். போல்ட் படத்துக்குப் பக்கத்தில், முறுக்கும் அளவு இருபது என்று போட்டிருந்தது.

எவ்வளவு முறுக்குகிறோம் என்று அளந்து காட்டும் ரெஞ்சை பக்கத்து டயர் கடைக்காரரிடம் கேட்டேன்.

"உனக்கு எதுக்குய்யா இது? கை மரத்துப் போச்சா?" என்றார்.

வைஸ் இடுக்கியில் பிடித்த இரும்புத் துண்டில் ஒரு போல்ட்டைப் பூட்டி, சென்சாருக்கு முறுக்குவது போல லேசாக முறுக்கினேன். பிறகு ரெஞ்சை இருபதில் வைத்தேன். அந்த அளவு எட்டிவிட்டது என்று டிக் அடித்தது, போல்ட் அசையவில்லை. முப்பது, நாற்பது, அப்போதும் அசையவில்லை. ஐம்பத்தைந்தில்தான் நகர்ந்தது. என் 'லேசு' அவ்வளவு. ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம். நான் கோணல் என்ற கூடம் என் தங்கை.

புது சென்சாரை இருபதில் முறுக்கி, மேனிஃபோல்டை ஏற்றினேன். வாயை மூடிக்கொண்டால் யாருக்கும் தெரியாது. பழி எலி மேலேயும் தங்கை மேலேயும் இருந்துவிட்டுப் போகும். சொன்னால் கிடுக்கியின் பெயர் சந்தி சிரிக்கும். சொல்லாவிட்டால் இவள் கதி? முன்னே போனால் கடிக்கிறது, பின்னே வந்தால் உதைக்கிறது. மாப்பிள்ளை கடிகாரத்தைப் பார்த்தார். மூன்றரை.

"மாப்பிள்ளை, தப்பு என்னோடது" என்றேன். "ரெண்டு சென்சாரையும் நான்தான் முறுக்கி உடைச்சிருக்கேன். அவ ஓட்டினதுல குத்தமே இல்ல."

அவர் சிரித்தார். "யார் உடைச்சா என்ன மச்சான்? கையெழுத்துப் போட்டாச்சே."

தங்கை எழுந்து வந்து, இரண்டு சென்சாரையும் கையில் வாங்கி வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். என்னைப் பார்க்கவில்லை.

"மேட்டுல ஏத்திப் பாத்தாதானே சரியாச்சானு தெரியும்? சாவியைக் குடு."

"இரு, நானும் வர்றேன்" என்று மாப்பிள்ளை செருப்பைத் தேடுவதற்குள் வண்டி தெருமுனை திரும்பிவிட்டது. கவர் அவர் பையிலேயே இருந்தது. எங்கள் இரண்டு பேருக்கும் இருந்தது ஒரே நாற்காலி. யாரும் உட்காரவில்லை.

நாலேகாலுக்கு என் போன் அடித்தது.

"லைட் எரியல, அண்ணா. சாயங்கால டியூட்டில சேந்துட்டேன். அவர்கிட்ட சொல்லிடு, அந்தக் கடிதத்தைக் குடுக்க வேண்டாம்னு. குடுத்தாலும் வாங்க மாட்டாங்க, எங்க லேப் மேடம்கிட்ட பேசிட்டேன்."

"சரிம்மா" என்றேன். மூச்சு வந்தது.

"அப்புறம் அண்ணா, இனிமே வண்டியை வேற ஆள்கிட்ட விட்டுக்கறேன்."