களத்தில் கேட்ட எண்

இடுப்பு நிமிர மறுத்தது. நான்கு நாள் குனிந்து கதிர் அரிந்து, ஐந்தாம் நாள் கட்டுச் சுமந்து, ஆறாம் நாள் எருமைகளின் பின்னே வட்டம் வட்டமாய்ச் சுற்றி நெற்கதிர்ச் சூடு மிதித்த உடம்பை, ஏழாம் நாள் காலையில் எழுந்து நில் என்றால் அது எப்படி எழும்? நடுமுதுகிலே தொடங்கிய நோவு, ஈரக் கயிற்றை முறுக்குவதுபோல் முறுகி முறுகித் தொடைவரை இறங்கி நிற்க, கதிர்காமத்தம்பி இரு கைகளையும் இடுப்பில் ஊன்றிப் பல்லைக் கடித்து ஒருவாறு நிமிர்ந்து கிழக்கே நோக்கினான்.

கிழக்கே மட்டக்களப்பு வாவி கிடந்தது. மாசித் திங்களின் முன்காலை. எழுவான்கரைத் தென்னைகளின் தலைக்குமேல் ஏறிய இளஞாயிறு நீர்ப்பரப்பெங்கும் உருக்கிய செம்பை ஊற்றிவிட, அச்செம்பினைக் கீறிக்கொண்டு வலைத்தோணிகள் ஊர, தோணிகளின் நிழலைத் தொடர்ந்து நீர்க்காகங்கள் தாழப் பறக்க, கண்ணாப் பற்றைகள் செறிந்த கரைச் சேற்றிலே இறால் தடவும் பெண்டிர் முழங்கால் நீரில் வளைந்து நின்றனர். மேற்கே படுவான்கரை வயல்வட்டைகள், அறுவடை முடிந்து, புதிதாய் மழித்த தலைபோல் ஒட்டத்தாளோடு விரிந்து கிடந்தன. அவ்வட்டைகளுள் ஒன்றின் நடுவே, சாணமிட்டு மெழுகிய வட்டக் களத்தில், மிதித்துத் தூற்றிய நெல் பொன்மேடாய்க் குவிந்திருந்தது. கண்டவர் பாட்டெழுதும் காட்சிதான். ஆயின், நூலறிந்த நண்பரே, அந்நெல்லை மேடாக்கியவனுக்கு அன்று பாட்டு வரவில்லை. அவனுக்கு அன்று தேர்வு.

ஆம், தேர்வு. கதிர்காமத்தம்பி வயலாள் மட்டும் அல்லன். வாவிக்கரையில் இருந்த ஓர் ஆசிரியப் பயிற்சிக் கல்லூரியின் மாணவன். அகவை முப்பத்து நான்கு. சித்தாண்டிக்கு அப்பால் வட்டையோரச் சிற்றூர் ஒன்றிலே, தென்னோலை வேய்ந்த கொட்டில் ஒன்றைப் பள்ளி என்று பெயரிட்டு, கூலியாட்களின் பிள்ளைகள் நாற்பத்தொருவருக்கு எழுத்தும் எண்ணும் புகட்டியவன். சான்றிதழ் பெற்ற ஆசிரியர் ஒருவர் தலைமை தாங்காவிடின் ஈராண்டு கழிந்து வரும் ஆனித் திங்களோடு அப்பள்ளி மூடப்படும் என்று ஓலை வந்தது. அதனாலேயே, மனைவி கண்ணகையை நெல் குற்ற விட்டுவிட்டு, தன்னினும் பன்னிரண்டு ஆண்டு இளையவரோடு வகுப்பு வாங்கில் அமர்ந்து ஈராண்டாய்ப் பயின்றான். இன்றைய தேர்வில் வென்றால் சான்றிதழ். தோற்றால் நாற்பத்தொரு பிள்ளைகளும் எருமைக்குப் பின்னே.

“என்ன மச்சான், சோதினைக்கு முன்னமே கூன் விழுந்திட்டா?” என்றபடி வந்தான் முனாப். ஏறாவூர் நெசவாளி வீட்டுப் பிள்ளை, வாய் ஓயாதவன், கதிர்காமத்தம்பியின் பக்கத்து வாங்குக்காரன். “சோதிக்க வாற ஐயா கண்டா, ‘இவன் நல்லா வளைஞ்சு குடுக்கிறான்’ எண்டு முழுப் புள்ளியும் போட்டிருவார்.”

“உனக்கென்ன, தறியடியில குந்தி வளந்தவன். ஆறு நாள் வயலுக்குள்ள நிண்டதுக்கே ராவெல்லாம் உம்மாவக் கூப்பிட்டு அழுதாய்.”

“அழுதன் எண்டா அழுதன்தான். ஊருக்கெல்லாம் சொல்லு!”

மாணாக்கர் வயலில் இறங்கியது ஏன் என்று கேட்பீர். அவ்வாண்டுதான் புதிய பாடத்திட்டம் வந்திருந்தது. அதுவரை அக்கல்லூரியில் வேளாண்மைப் பாடம் என்பது, பனி பெய்யும் நாட்டுக்காரர் ஒருவர் எழுதிய நூலை வரிவரியாய்ப் பெயர்த்து உருவேற்றுவது. கோதுமையைக் கண்ணாலும் காணாதவர் கோதுமை விதைக்கும் பருவத்தை எழுதித் தேறினர். இக்கேட்டை ஒழிக்க வேண்டுமென்று எட்டு ஆண்டு எழுதியும் பேசியும் போராடியவர் நல்லரத்தினம் என்னும் விரிவுரையாளர். படுவான்கரை மண்ணில் வயலாள் ஒருவரின் மகனாய்ப் பிறந்து, உதவிப்பணம் பெற்றுக் கடல்கடந்து படித்து மீண்டவர். அவர் சொல் இறுதியில் வென்றது. தலைநகரில் கூடிய குழு, ‘கல்வி அவ்வவ்வூர் மண்ணிலிருந்து முளைத்தெழுக’ என்று திட்டத்தின் முதல் ஏட்டில் அச்சிட்டது; மாணாக்கர் ஒரு வாரம் வயலில் உழைத்து, களத்திலேயே பாடம் நடத்திக் காட்டுவதே இனித் தேர்வு என்றும் விதித்தது. அக்குழுவில் இருந்து அம்முதலேட்டு வரியைத் தன் கையால் எழுதியவரே அன்று தேர்வாளராய் வந்தார்.

வந்தவர் காலணியோடு களத்துள் புகுந்தார். செருப்பென்ன, குடையும் விரித்துக் கொண்டுபோகாத வட்டத்துள், வேலையாட்களின் தலைவரான முல்லைக்காரர் வாய் திறக்குமுன், நெற்குவியலின் அருகே நாற்காலி போட்டாயிற்று, குடையும் பிடித்தாயிற்று. பின்னால் நல்லரத்தினம் நின்றார். தேர்வாளர் எழுதப்போகும் குறிப்பைப் பொறுத்தே அவர் கல்லூரித் தலைவராவதும் ஆகாததும் இருந்தது. அதைக் களத்து எருமைகளும் அறியும்.

கதிர்காமத்தம்பியின் பாடம் ‘அளவும் எண்ணும்’. அயற்பள்ளிப் பிள்ளைகள் பதினைவர் அரைவட்டமாய் நின்றனர். முல்லைக்காரர் மரைக்கால் என்னும் அளவுகலத்தை நெல்லில் புதைத்து நிரப்பிச் சாக்கில் கொட்டும்போதெல்லாம், “பொலி!” என்று நீட்டிக் குரல் கொடுத்தார், ஒவ்வொரு பொலிக்கும் ஒரு பிள்ளை ஒரு வைக்கோல் துண்டை ஓலைப்பெட்டியில் இட்டது. அக்களங்களில் நெல் அளக்கும்போது எண்ணை வாயால் சொல்வதில்லை. சொன்னால் பொலி, அதாவது விளைவு, குறையும் என்பது உழைப்பவர் எண்ணம். அளந்து முடித்து, துண்டுப்பெட்டியைக் களத்துக்கு வெளியே கொண்டுபோய், அங்கே எண்ணுவர். கதிர்காமத்தம்பி தன் பாடக்குறிப்பிலும் அவ்வாறே எழுதியிருந்தான்: மருதமர நிழலுக்குப் பிள்ளைகளை நடத்திச் செல்வது, துண்டுகளைப் பத்துப் பத்தாய் அடுக்கச் செய்வது, அதிலிருந்து பெருக்கல் காட்டுவது. அக்குறிப்பு தேர்வாளர் மடியில் மடித்தபடியே கிடந்தது.

கடைசிப் பொலி விழுந்ததும் அவர் தலை நிமிர்ந்தார்.

“எத்தனை மரைக்கால்?”

“அளந்தாச்சு, ஐயா.”

“அளந்ததை நானும் கண்டேன். எத்தனை?”

“அந்த மருத மரத்தடிக்கு வந்தீங்களெண்டா, பிள்ளைகளே எண்ணிச் சொல்லுவாங்க ஐயா. பத்து எட்டுத்தான்.”

“நான் இங்கே கேட்டேன். இங்கேயே சொல்லும்.”

கதிர்காமத்தம்பி வாயைத் திறந்தான். சொல்லியிருக்கலாம், எண் அவன் நெஞ்சில் இருந்தது, ஒவ்வொரு பொலிக்கும் ஒன்றாய் அவனும் உள்ளே கூட்டிக்கொண்டே வந்தான். எண்ணைக் கேட்டு நெல் கரையும் என்று நம்பும் பேதையும் அல்லன். ஆனால் சுற்றி நின்ற இருபத்திரண்டு வேலையாட்களின் கூலி நெல் அக்குவியலுள்தான் இருந்தது. அவர்கள் பிள்ளைகள்தாம் அவன் முன்னே நின்றனர். அத்தந்தையர் முகத்தின் முன்னே, அப்பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லவந்த வாயால், உங்கள் எண்ணம் மண்ணுக்கும் உதவாது என்று எப்படிச் சொல்வான்? வாய் மூடிக்கொண்டது. முல்லைக்காரர் நிலத்தைப் பார்த்தார்.

அவன் நல்லரத்தினத்தைப் பார்த்தான். ஆங்கிலத்திலோ தமிழிலோ ஒரு சொற்றொடர் போதும்: ‘இங்கே எண்ணைக் களத்துக்கு வெளியேதான் சொல்வார்கள்.’ அதை அறிந்தவர் அவர். அவர் தகப்பன் அக்களங்களில்தான் மரைக்கால் பிடித்தவர். நல்லரத்தினம் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். பிறகு வாவியைப் பார்த்தார். வாவியில் அப்போது பார்ப்பதற்கு ஒன்றும் இல்லை.

“அடுத்தவர்” என்றார் தேர்வாளர்.

அடுத்தவன் முனாப். அதே பெட்டி, அதே கேள்வி. அவன் ஒரு நொடியும் தயங்காமல், “நூற்றுப் பதினேழு, ஐயா!” என்று முழங்கினான். தேர்வாளர் முகம் மலர்ந்தது. “நன்று, விரைவும் தெளிவும் உண்டு” என்று சொல்லி எழுதிக்கொண்டார். முல்லைக்காரர் தோளில் கிடந்த துண்டால் வாயைப் பொத்திக்கொண்டதை அவர் கண்டிலர்.

தேர்வாளரின் வண்டி தோணித்துறைக்குப் போன பின், மருத மரத்தடியில் பிள்ளைகள் துண்டுகளைப் பத்துப் பத்தாய் அடுக்கினர். தொண்ணூற்று நான்கு.

“டேய், நூத்திப் பதினேழு எங்கயிருந்துடா வந்திச்சு?” என்று கேட்டான் கதிர்காமத்தம்பி.

“வாயிலருந்து!” என்றான் முனாப், ஆனால் சிரிக்கவில்லை. “பொய் எண்ணச் சொன்னா களத்துக்கும் குத்தமில்ல, கேட்டவருக்கும் நிறைவு. நீயும் ஒண்ட அவிழ்த்து விடுவாய் எண்டுதான் நான் நினைச்சன், மச்சான். நீ என்ன, மரம் மாதிரி நிண்டிட்டாய்?”

முடிவு சித்திரையில் வந்தது. ‘முனாப்: அளவைக் கற்பித்தலில் தனித்திறன். கதிர்காமத்தம்பி: எண்ணறிவு இல்லாதவர், கற்பிக்கத் தகார்.’ நாற்பத்தொருவருக்கு வாய்ப்பாடு சொல்லிக்கொடுத்த மனிதனுக்கு எண்ணறிவு இல்லை! இருபத்து மூன்று மரைக்காலை வாயாலே விளைவித்தவனுக்குத் தனித்திறன்! மண்ணிலிருந்து கல்வி முளைக்க வேண்டுமென்று ஏட்டில் எழுதியவர், அம்மண்ணில் பத்து அடி நடக்க நாற்காலியை விட்டு எழுந்திலர். இதைச் சீர்திருத்தம் என்று அச்சிட்டார்கள். நானும் அறுவடைக் கூலியில் வளர்ந்த வயிறுதான். இதற்கு நல்ல சொல் தேடித்தர என்னால் ஆகாது.

முனாப் அன்றே ஓடி வந்தான். “நான் பொய் சொன்னதக் குழுவுக்கு எழுதிப் போடுறன். என்ட சான்றிதழ்க் கடுதாசியப் பறிச்சாப் பறிக்கட்டும்.”

“உன்னையும் ஏறாவூரில ஒரு பள்ளிக்கூடம் பாத்துக்கொண்டிருக்கு. ரெண்டு பள்ளிக்கூடம் பூட்டணுமா? ஒண்டு பூட்டினாப் போதும். பேசாம இரு.”

பின் கதிர்காமத்தம்பி தோணியேறி நல்லரத்தினத்தின் வீட்டுக்குப் போனான். அவர் அவனை உள்ளே அழைத்து அமர்த்தினார்; தேநீர் வரவழைத்தார்; கொடியவர் அல்லர்.

“எனக்குத் தெரியும், தம்பி. நான் அந்தக் களத்துப் புழுதியில தவழ்ந்தவன். உன்ட பிழை இல்ல.”

“அண்டைக்கு ஒரு சொல்லுச் சொல்லியிருக்கலாமே, ஐயா.”

அவர் கோப்பையை வைத்தார். “அந்த நேரத்தில அவர மறிச்சா, பாடத்திட்டமே போயிரும் எண்டு பயந்தன். எட்டு வருசப் பாடு, தம்பி. குழுவுக்கு நான் ஒரு கடிதம் எழுதுறன். எழுதினா விளங்கிக்கொள்ளுவாங்க, முடிவ மாத்துவாங்க. அது என்ட கடன்.”

‘கடன்’ என்ற சொல்லை அவன் கேட்டுப் பெறவில்லை, அவராகவே சொன்னார். அச்சொல்லை மடியில் முடிந்துகொண்டு அவன் வீடு வந்தான்.

வைகாசி போயிற்று. ஒவ்வொரு முறை தபாற்காரன் கடந்துபோகும்போதும் கண்ணகை உலக்கையை நிறுத்திப் பார்ப்பாள். ஒருநாள் நிறுத்தவில்லை, குற்றிக்கொண்டே சொன்னாள்: “இஞ்சாருங்க, அந்தப் பெரிய ஐயாட பேனைக்குள்ள மை வத்திப் போச்சாமா? ஒரு போத்தல் வாங்கிக் குடுங்க. ரெண்டு மரைக்கால் கூடக் குத்தி நான் காசு தாறன்.”

ஆனியில் அலுவலர் ஒருவர் வந்து, பள்ளியின் பெயர்ப்பலகையைக் கழற்றி மாட்டுவண்டியில் ஏற்றிக்கொண்டு போனார். அடுத்த மழைக்குக் கொட்டிலின் ஓலை உக்கியது. நாற்பத்தொருவரில் நால்வர் தொலைவூர்ப் பள்ளிக்கு நடந்தனர்; மற்றையோர் வயலுக்கு நடந்தனர். அவர்களுக்கு முன்னே, இடுப்பில் கை ஊன்றியபடி, அவர்களின் ஆசிரியன் நடந்தான்.

ஐந்தாண்டு கழிந்து, மீண்டும் ஒரு மாசியில், ஏறாவூர்ப் பள்ளித் தலைமையாசிரியன் முனாப் புத்தகம் ஒன்றை அக்குளில் இடுக்கிக்கொண்டு வட்டைக்கு வந்தான். கதிர்காமத்தம்பி களத்தில் சூடு மிதித்துக்கொண்டிருந்தான்.

“மச்சான், கல்லூரிக்குப் புதுப் பாடநூல் அடிச்சிரிக்காங்க. இதக் கேள். ‘படுவான்கரைக் களங்களில் நெல் அளக்குங்கால் எண்ணை வாயாற் கூறாமைக்குக் காரணம் யாது? விளக்குக.’ இந்தக் கேள்விக்கு எத்தின புள்ளி தெரியுமா?”

“பொறு, பொறு. களத்துக்குள்ள நிண்டு எண்ணச் சொல்லாத. வெளியால வா.”

இருவரும் பத்து அடி நடந்து மருத மரத்தடிக்கு வந்தனர்.

“பத்துப் புள்ளி” என்றான் முனாப்.

கதிர்காமத்தம்பி நூலை வாங்கினான். உமி ஒட்டிய விரலால் ஏடுகளைப் புரட்டினான். அவ்வழக்கம் மூன்று பக்கத்தில் செம்மையாக விளக்கப்பட்டிருந்தது. பொலிக் குரலும், வைக்கோல் துண்டும், ஓலைப்பெட்டியும் ஒன்றும் விடுபடவில்லை. அவ்வழக்கத்தை அறியாத ஆசிரியர் உழவர் பிள்ளைகளுக்குக் கற்பிக்கத் தகார் என்றும் எழுதியிருந்தது.

“ஆர் எழுதினது?”

“முன்பக்கத்தப் பார். நம்மட நல்லரத்தினம் ஐயாதான். இப்ப கல்லூரித் தலைவர்.”

கதிர்காமத்தம்பி முன்பக்கத்தைப் புரட்டிப் பெயரைப் படித்தான். பிறகு நூலை மூடி, ஒட்டியிருந்த உமியைத் துடைத்து, முனாப்பின் கையில் கொடுத்தான்.

“அப்ப, மை வத்தேல்ல” என்றான்; குனிந்து கோலை எடுத்துக்கொண்டு எருமைகளின் பின்னே போனான்.

அந்நூல் இன்று நல்ல நூலென்று பலர் போற்றுகின்றனர். நானும் படித்தேன், அதில் பிழை இல்லை. அதைக் கற்றுத் தேறியோர் நூற்றுக்கணக்கானோர். அவர்கள் பள்ளிகளில் பிள்ளைகள் படிக்கின்றனர். அந்நன்மையை யான் மறுக்கேன். ஆயினும் வட்டையோரச் சிற்றூர் ஒன்றில் ஒரு கொட்டிலின் நான்கு கால்கள் ஓலையின்றி நிற்கின்றன. நல்லரத்தினம் கதிர்காமத்தம்பிக்குக் கொடுக்க வேண்டியது ஒரு கடிதம். அது இன்னும் எழுதப்படவில்லை.