பாலகணேஷுக்கு மட்டும் சரிந்த தரை

பாலகணேஷ் அமெரிக்கா போனது கொரோனாவுக்கு முந்தின வருடமா, அதற்கும் முந்தின வருடமா என்பதில் எனக்குச் சந்தேகம் உண்டு. அவன் முதல் தடவை சறுக்கியது மாடியிலா படிக்கட்டிலா என்று சந்துக்காரர்களே இரண்டு விதமாகச் சொல்கிறார்கள். எதைப் பார்த்தேன், எதைக் கேட்டேன் என்று இப்போது என்னால் பிரிக்க முடியவில்லை. ஆனால் தியாகராய நகரில், உஸ்மான் ரோட்டுக்குப் பின்னால் இருக்கும் அந்தச் சந்தில், அவன் வளர்ந்த வீட்டின் தரை அவன் ஒருவனுக்கு மட்டும் வாசலைப் பார்த்துச் சரிந்தது என்பதில் சந்தேகமில்லை.

கீழே கடை, மேலே வீடு. தூத்துக்குடிப் பக்கத்திலிருந்து வந்த பொன்ராஜ் அங்கே ரவிக்கைத் துணியும் உள்பாவாடையும் விற்கும் மேட்சிங் சென்டர் வைத்திருந்தார். அந்தக் கடையில் ஒரு சட்டம் இருந்தது. கல்லாவில் யார் உட்கார்ந்திருக்கிறார்களோ அவர்கள் சொன்னதுதான் சொல். வீட்டில் வேறு யாரும் அதை மாற்றக் கூடாது, சொன்னவரும் மாற்றக் கூடாது. மகள் சிந்து பள்ளிச் சீருடையோடு கொஞ்ச நேரம் கல்லாவில் உட்கார்ந்த ஒரு நாள், பட்டு ரவிக்கைத் துணியை அடக்க விலைக்கும் கீழே சொல்லிவிட்டாள். பக்கத்தில் நின்ற பொன்ராஜ் முகம் கறுத்துப்போய், அந்த விலைக்கே கிழித்துக் கொடுத்தார். மூன்று நாள் அவளோடு பேசவில்லை.

படிப்பில் சிந்துதான் கெட்டி. ஒரு வயது மூத்த அண்ணன் பாலகணேஷ் அரியர் எழுதிக்கொண்டிருந்தபோதே அவள் கையில் சோழிங்கநல்லூர் கம்பெனியின் வேலை உத்தரவு இருந்தது. இரண்டு வருடத்தில் வெளிநாட்டுக்கு அனுப்புவதாகவும் சொல்லியிருந்தார்கள். “ரெண்டுல ஒண்ணு கடையில இருக்கணும்” என்றார் பொன்ராஜ். எது என்று சொல்லவில்லை. மறுநாள் காலை அவளுடைய இட்லித் தட்டுக்குப் பக்கத்தில் கல்லாச் சாவி கிடந்தது. சிந்து இட்லியைத் தின்று முடித்துக் கையைக் கழுவிவிட்டுச் சாவியை எடுத்துக்கொண்டாள். அதைப் பற்றி அந்த வீட்டில் அன்றும் யாரும் பேசவில்லை, பிறகும் பேசவில்லை.

அரியரை முடித்து ஒரு கம்பெனியில் சேர்ந்த அண்ணனுக்கு மூன்று வருட அமெரிக்க வேலை விசா லாட்டரியில் விழுந்தது. நந்தனத்தில் நேர்காணலுக்குப் பயிற்சி கொடுத்துவந்த கனகராஜ், “பேப்பர் எல்லாம் அப்புறம். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் இருக்குறவன் மூஞ்சியப் பாத்துப் பேசணும். வீட்ல யாரையாவது உக்கார வெச்சி தெனம் பழகுங்க” என்றார். கல்லாவுக்கு முன்னால் கை நுழையும் ஓட்டையோடு ஒரு கண்ணாடித் தடுப்பு இருந்தது. அதனால் தினமும் கடை திறக்கும் முன் சிந்து அதிகாரியாகக் கல்லாவில் உட்கார, அண்ணன் வெளியே பாஸ்போர்ட்டோடு நின்றான். வேறு எந்தக் குடும்பமும் சாப்பாட்டு மேஜையில் ஒத்திகை பார்த்திருக்கும். இவர்களுக்குக் கண்ணாடி வசதியாகப் பட்டது.

கடைசி நாள் ஒத்திகையில், “உங்க வீடு எது?” என்று கேட்டாள் சிந்து.

தி.நகர் என்று வாய் தவறிச் சொன்னால் அங்கேயே இரு என்று விசா அதிகாரி அனுப்பிவிடுவான் என்பது கனகராஜின் பாடம். பாலகணேஷ் தயங்காமல் டல்லாஸில் நண்பன் பிடித்து வைத்திருந்த ஃபிளாட்டின் விலாசத்தைச் சொன்னான்.

“அப்ப இது?”

கனகராஜின் கேள்விகளில் அது இல்லை. பாலகணேஷ் சிரித்தான். “இதா? இது சும்மா வந்து போற எடம்.”

சிந்து அவனை வெகுநேரம் பார்த்தாள். பிறகு, “சரி” என்று சொல்லிக் கல்லாவை இழுத்து மூடினாள். துணி மடித்துக்கொண்டிருந்த பொன்ராஜும் அவர் மனைவி மீனாட்சியும் பையன் தடுமாறாமல் பேசிவிட்டான் என்று சந்தோஷப்பட்டார்கள். ஒரு வாரத்தில் விசா வந்தது.

முதல் விடுமுறையில் அவன் வீட்டுக்குள் இறக்கத்தில் நடக்கிறவன்போல் குதிகாலை ஊன்றி நடந்தான். பாயில் படுத்தவன் விடியும்போது படிக்கட்டின் தலைமாட்டில் கிடந்தான். விமானக் களைப்பு என்றார்கள். சிந்து அன்றைக்கே புரிந்துகொண்டாள், யாரிடமும் சொல்லவில்லை. விசாவை நீட்டித்துக்கொண்டு இரண்டாம் முறை வந்தபோது, அவன் உட்கார்ந்த நாற்காலி அவனோடு வாசல்வரை போனது. அப்புறம் கம்பெனி அவனை வேலையிலிருந்து எடுத்தது. அறுபது நாளில் வேறு கம்பெனி பிடிக்காவிட்டால் நாட்டைவிட்டுக் கிளம்ப வேண்டும். பிடிக்கவில்லை. இரண்டு பெட்டிகளோடு அவன் வந்து இறங்கியபோது வீட்டுத் தரை அவனுக்கு ஓட்டுக்கூரை மாதிரி ஆகியிருந்தது. ஒரு கையால் ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு மறு கையால் சாப்பிட்டான். அதே தரையில் சாம்பார்க் கிண்ணம் அசையாமல் இருந்தது. மீனாட்சி அவனுடைய கட்டிலைப் பாவாடை நாடாக்களால் ஜன்னலோடு கட்டிவைத்தாள். கட்டில் நின்றது, அவன் நிற்கவில்லை. காலையில் கடையைத் திறந்தால் தலையணையோடு சந்தில் கிடந்தான். “இன்னா மச்சி, டல்லாஸ்லேர்ந்து நேரா இங்கயே லேண்டிங்கா?” என்று எதிர்க் கடைப் பையன்கள் கேட்டார்கள்.

பொன்ராஜ் கொத்தனார் ஹனீஃபாவைக் கூட்டிவந்தார். ஹனீஃபா ரசமட்டத்தை எட்டு இடத்தில் வைத்துப் பார்த்தார். “தரை கரெக்டா கீது அண்ணாச்சி. உங்க புள்ளதான் கோணலா கீறாரு” என்று சொல்லிவிட்டுக் கூலி வாங்காமல் போனார். அதோடு வீட்டில் பேச்சு கெட்டது. “ஒழுங்கா நில்லுல” என்று அப்பா கத்துவார். இந்த வீடே குப்பை, இதற்கு நடைபாதை தேவலை என்று மகன் கத்துவான். தலைக்கு மேலே அவன் சறுக்கும் சத்தம் ஒவ்வொன்றையும் சிந்து கீழே கேட்டுக்கொண்டிருந்தாள். மாம்பழ மஞ்சளில் ஆறு வகையைப் பிரித்து அடுக்கிக்கொண்டே கேட்டாள். நிறுத்த ஒரு சொல் போதும் என்று தெரிந்துதான் கேட்டாள்.

கடைசியில் மீனாட்சிக்கு நினைவு வந்தது. நேராகக் கல்லாவுக்கு வந்தாள்.

“ஏட்டி, அன்னைக்கு இங்கன உக்காந்துதான சரின்னு சொன்ன?”

“ஆமா.”

“மாத்திச் சொல்லேன். உன் கூடப் பொறந்தவன்லா?”

“கல்லாவுல சொன்னத மாத்தலாமாம்மா? அப்பாகிட்ட கேளு.”

பொன்ராஜ் அங்கேதான் துணி கிழித்துக்கொண்டிருந்தார். நேராகப் போக வேண்டிய கிழிசல் கோணலாகப் போயிற்று. 

“வேணும்னா புதுசா வந்து கேக்கட்டும்” என்றாள் சிந்து. “எல்லாரையும் மாதிரி வரிசையில.”

ஆடி மாதத் தள்ளுபடிக் கூட்டத்தில், ஒரு சனிக்கிழமை சாயங்காலம், அவன் வந்து நின்றான். கடைத் தரையும் அவனைத் தெருவுக்குத் தள்ளியதால் மேஜை விளிம்பைக் கெட்டியாகப் பிடித்திருந்தான். தனக்கு முன்னால் நின்ற நான்கு பெண்களும் மீதிச் சில்லறை வாங்கிப் போகும்வரை காத்திருந்தான். சிந்து கண்ணாடி வழியாகப் பார்த்தாள்.

“உங்க வீடு எது?”

“இதுதான்.”

“எதுக்கு வந்திருக்கீங்க?”

“தூங்கணும் சிந்து. ரெண்டு மாசமாத் தூங்கல.”

அவளுக்குள் ஏதோ இளகியது. எத்தனை நாளைக்கு என்று ஒரே ஒரு கேள்வி பாக்கி. எப்போதும் என்று அவன் சொன்னால் அதற்குச் ‘சரி’யைத் தயாராக வைத்திருந்தாள். கேட்டாள். அவன் மனதுக்குள் கணக்குப் போட்டான். ஜெர்மனியில் ஆள் எடுக்கிறார்கள் என்று அன்று காலைதான் கனகராஜ் போன் செய்திருந்தார்.

“ஒரு மூணு மாசம்” என்றான். “அதுக்குள்ள ஜெர்மனி வந்துரும்.”

“மூணு மாசம்” என்றாள் சிந்து.

தரை நேரானது. பின்னால் நின்ற அம்மாள், “முடிஞ்சிதாப்பா? நகரு, எனக்குத் தாம்பரம் வண்டி கீது” என்றாள். அவன் நகர்ந்தான். மாடிக்குப் போய் மறுநாள் மாலைவரை தூங்கினான்.

ஜெர்மனி வரவில்லை. மூன்று மாதம் முடிந்த அன்று அவன் மறுபடியும் வரிசையில் நின்றான். பிறகு அதுவே வழக்கமாயிற்று. சிந்து டெங்குவோடு ஆஸ்பத்திரியில் கிடந்தபோது கெடு முடிந்துவிட்டதால், கோடம்பாக்கத்தில் லாட்ஜ் எடுத்துத் தங்கினான். ஒரே ஒரு முறை நிரந்தரமாகக் கேட்டுப் பார்த்தான். “அதுக்கு வரிசை ரொம்ப நீளம் அண்ணே” என்றாள். பின்னால் நின்றவர்கள் சிரித்தார்கள்.

பொன்ராஜ் அடுத்த வருடம் மாரடைப்பில் இறந்தார். மீனாட்சி கண்புரை எடுத்த பிறகு மாடியைவிட்டு இறங்குவதில்லை. ஹனீஃபா மகனோடு ஷார்ஜாவுக்குப் போய்விட்டார். கனகராஜ் இப்போது நந்தனத்தில் ஜெர்மன் வகுப்பு நடத்துகிறார். பாலகணேஷ் அண்ணா சாலையில் ஒரு அலுவலகத்துக்குப் போய்வருகிறான். கல்லாவில் சிந்து இருக்கிறாள். இதுவரை அவள் அவனுக்கு மறுத்ததில்லை. மூன்று மாதத்துக்கு மேல் கொடுத்ததும் இல்லை.