இன்னும் விழாத சுவர்

1

இந்தக் கதையை எழுதாதே என்று என் அக்கா சொன்னாள். அதனால்தான் எழுதுகிறேன்.

ஞாயிற்றுக்கிழமை வந்தாள். செருப்பைக்கூடக் கழற்றாமல் சோபாவில் சரிந்தாள். பள்ளிக்கூடத்தில் நடந்ததை மூச்சுவிடாமல் சொல்லிக்கொண்டு வந்தவள், பாதியில் என்னைப் பார்த்து நிறுத்தினாள்.

"உனக்குக் கதை எழுதற மூஞ்சி வந்துடுச்சு. வேணாம்டி. நான் புலம்ப வந்தேன், அவ்வளவுதான்."

அவள் தலைமையாசிரியை. ஒரு துண்டு வாங்கப் போனால் எந்த நிறம் என்று முடிவு செய்ய அரைநாள் எடுத்துக்கொள்கிறவள்.

2

முதல் தொடக்கம்: 'பள்ளியின் மாடிச் சுவரில் காலம் ஒரு கோடு கிழித்திருந்தது—'

அடித்துவிட்டேன். காலம் ஒன்றையும் கிழிக்கவில்லை. நிலநடுக்கம் கிழித்தது.

இரண்டாவது: 'அன்றும் அவள் வழக்கம்போல—'

இதுவும் வேண்டாம். வழக்கம்போல என்று தொடங்கும் கதைகளைக் கண்டாலே எனக்குப் பற்றிக்கொண்டு வரும். நேராகவே சொல்லிவிடுகிறேன்.

அந்த மாதம் தரை இரண்டு தடவை லேசாக அதிர்ந்தது. இன்னொன்று வருமா என்று யாருக்கும் தெரியாது. தொலைக்காட்சியில் வந்த நிபுணர் 'வரலாம், வராமலும் போகலாம்' என்பதைச் சொல்ல அரைமணி நேரம் எடுத்துக்கொண்டார். இரண்டாவது அதிர்வுக்குப் பிறகு, பள்ளியின் மாடி வகுப்புச் சுவரில் பென்சில் நுழையும் அளவுக்கு விரிசல். அக்கா ஒரு பொறியாளரை வரவழைத்தாள். அவர் சுவரைத் தட்டினார், காதை வைத்துக் கேட்டார்.

"பசங்களை இங்க உக்கார வைக்கலாமா சார்?"

"தாராளமா."

"அதை எழுதிக் குடுங்க."

"அது முடியாதும்மா."

"அப்போ பூட்டிடவா?"

"அந்த அளவுக்கு ஒண்ணும் இல்லையே."

"சரி, அதையாவது எழுதிக் குடுங்க."

"அதுவும் முடியாதும்மா."

(வாசகர் இந்தப் பாத்திரத்தை நம்பமாட்டார் என்று அக்காவிடம் சொன்னேன். "நாலு பேரைக் கூப்பிட்டேன். நாலு பேரும் இதே ஆளுதான்" என்றாள்.)

3

அவள் மாடியைப் பூட்டினாள். கீழ் அறைகள் எல்லாருக்கும் போதாது. அதனால் பெரிய வகுப்புகள் காலையில், சின்ன வகுப்புகள் மதியத்தில் என்று பிரித்தாள்.

ஆசிரியர்கள் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டார்கள். பெற்றோரில் பாதிப் பேர் 'இவ்வளவு பயந்தவளா' என்றார்கள். மீதிப் பேர் 'கீழ்த்தளத்தை மட்டும் ஏன் திறந்து வைத்திருக்கிறாள்' என்றார்கள். மத்தளத்துக்கு இரண்டு பக்கமும் இடி என்று எழுதலாம். எழுதிவிட்டேன், இருக்கட்டும்.

மூன்றாம் வகுப்புப் பெண் ஒருத்தியின் அம்மா மட்டும் சத்தம் போடவில்லை. தையல் ஆலையில் காலைமுறை வேலை செய்பவர்.

"மேடம், காலையில நான் கிளம்பிடுவேன். மத்தியானம் வரைக்கும் இவ வீட்டுல தனியா இருக்கணும். சுவரு விழுமான்னு உங்களுக்குத் தெரியாது. இவ தனியா இருந்தா என்னென்ன பண்ணுவான்னு எனக்குத் தெரியும்."

"கொஞ்ச நாள்தாம்மா. பொறுத்துக்கோங்க" என்றாள் அக்கா.

அடுத்த வாரம் அந்தச் சிறுமி தனியாகப் பால் காய்ச்சப் போய்—

இந்த வாக்கியத்தை முடிக்க எனக்கு விருப்பமில்லை. முதல் பிரதியில் இதை எடுத்தே விட்டேன். கதையில் குழந்தைக்குக் காயம்பட்டால் வாசகர் அழுவார், எழுதியவள் கெட்டிக்காரி ஆகிவிடுவாள். ஆனால் நடந்தது நடந்ததுதான். வலது கை முழங்கை வரை வெந்துபோயிற்று. அக்கா மருத்துவமனைக்கு ஓடினாள். அந்த அம்மா எழுந்து அவளுக்கு நாற்காலி போட்டார்.

"திட்டியிருக்கலாம்டி. நாலு வார்த்தை நறுக்குன்னு கேட்டிருக்கலாம்" என்று என்னிடம் சொன்னாள் அக்கா.

மறுநாளே, வீட்டில் ஆள் இல்லாத பிள்ளைகள் காலையிலேயே வந்துவிடலாம் என்று அறிவித்துவிட்டு, அவர்களைத் தன் அறையில் உட்கார வைத்துக்கொண்டாள். முன்பே இது ஏன் தோன்றவில்லை என்று நான் கேட்கவில்லை. கேட்கத்தான் வாய் வந்தது.

4

இதற்குள் சில பிள்ளைகள் வேறு பள்ளிக்குப் போய்விட்டார்கள். பள்ளியின் தாளாளர் நேரிலேயே வந்தார். மாடிக்கு ஏறி, விரிசலை ஒரு பார்வை பார்த்தார்.

"சுவர் நின்னுட்டுத்தானே இருக்கு மேடம்?"

"இன்னிக்கு நிக்குது சார்."

"அட, ஒரு பயத்துக்காக எத்தனை நாள்? இப்போ பாருங்க, பூட்டினதாலதான் ஒரு பொண்ணுக்குக் காயம்பட்டுச்சு."

"ஆமா சார். பூட்டினது நான்தான்" என்றாள்.

"திங்கக்கிழமை வருவேன். மாடியில பசங்க இருக்கணும். இல்லேன்னா உங்க நாற்காலியில வேற ஆள் இருக்கும்."

5

இனி முடிவு. மூன்று எழுதிப் பார்த்தேன்.

ஒன்றில், யாருமில்லாத ஞாயிறன்று சுவர் விழுகிறது. அக்காவுக்குப் பாராட்டு. இதை எழுதும்போது நான் இன்னொரு நிலநடுக்கத்துக்கு ஆசைப்படுகிறேன் என்று புரிந்தது. சீ என்று ஆகிவிட்டது.

இன்னொன்றில் மாடியைத் திறக்கிறாள், ஒன்றும் ஆகவில்லை, எல்லாரும் அவளைப் பார்த்துச் சிரிக்கிறார்கள்.

மூன்றாவதில் வேலையை உதறிவிட்டு நிமிர்ந்து நடக்கிறாள். (வீட்டுக் கடனை யார் கட்டுவது? கதாசிரியரா?)

அந்த ஞாயிறு இரவே தொலைபேசியில் மூன்றையும் அக்காவுக்குப் படித்துக் காட்டினேன்.

"மூணுலயும் அடுத்து என்ன ஆகும்னு உனக்குத் தெரியுது. எனக்கு அது தெரிஞ்சிருந்தா நான் எதுக்குடி உன் வீட்டுல வந்து உக்காரப் போறேன்?"

"சரி, நீயே சொல்லு. நாளைக்குத் திறப்பியா, மாட்டியா?"

"சமயத்துல நீயும் தாளாளர் மாதிரியே பேசற" என்று வைத்துவிட்டாள்.

6

இன்று திங்கட்கிழமை. முடிவில்லாத கதையை வைத்துக்கொண்டு காலையிலேயே அவளை அழைத்தேன்.

"கதை முடிஞ்சுதா?" என்றாள்.

"இல்லக்கா."

"எனக்கும் இல்ல. தாளாளர் வண்டி உள்ள வருது. வைக்கறேன்."

அவள் குரலுக்குப் பின்னால் பிள்ளைகளின் இரைச்சல் கேட்டது. பெஞ்சுகளை இழுக்கிற சத்தம், யாரோ ஓடுகிற சத்தம். அது மேலிருந்து வந்ததா, கீழிருந்து வந்ததா என்று என்னால் பிரித்தறிய முடியவில்லை. நீங்கள் அக்காவின் நாற்காலியில் இருந்திருந்தால் அந்தச் சத்தம் எங்கிருந்து வந்திருக்கும்?