ஊருக்கு ஒரே நூல்கடை

சொத்தைப் பாகம் பிரித்ததைக்கூட நூல்கடைக்காரர் பொறுத்துக்கொண்டார். தம்பி எதிர்ச்சாரியிலேயே இன்னொரு நூல்கடை திறந்ததைத்தான் அவரால் பொறுக்க முடியவில்லை. அப்பா பெயரில் இரண்டு பலகை, நடுவே ஒரு தெரு. ஊர் சிரிக்காதா?

நேரே நூல் ஆலைக்குப் போனார். "இந்த ஊர்ல உங்க நூல் எனக்கு மட்டுந்தான் வரணும். நானும் வேற ஆலைச் சரக்கைத் தொடமாட்டேன்" என்றார். ஆலைக்காரருக்குக் கசக்குமா? ஒப்பந்தம் கையெழுத்தாயிற்று. சரக்கு நின்றால் தம்பி பழைய கடைக்கே திரும்பிவிடுவான், நீரடித்து நீர் விலகுமா என்று நம்பினார்.

தம்பி கடையில் முதலில் கறுப்பு தீர்ந்தது, பிறகு வெள்ளை. வேறு ஆலைகளின் நூலை வரவழைத்தான். அது மிஷினில் அறுந்தது. தையல்காரர்கள் ஒவ்வொருவராகத் தெருவைக் கடந்து வந்தார்கள். ஆனால் முகம்கொடுத்துப் பேசவில்லை.

பேசியவர் ஒருவர்தான். "தம்பி உள்ளவன் படைக்கு அஞ்சமாட்டான்னு சொல்லுவாங்க. நீங்க தம்பி மேலேயே படையெடுத்துட்டீங்களே, பெரியவரே!"

"நூல் வாங்க வந்தா நூலை வாங்குங்க. எங்க வீட்டுக்குள்ள ஊசி ஏத்தாதீங்க."

ஒரு திங்கட்கிழமை எதிர்க்கடைப் பலகை இறங்கியது. அவர் தன் பக்கத்தில் நாற்காலி ஒன்றைத் துடைத்துப் போட்டார். போய்க் கூப்பிடுவது மூத்தவனுக்கு அழகல்ல, அவனாக வரட்டும். மூன்று வாரம் அது காலியாகவே கிடந்தது.

நான்காம் வாரம் தம்பி வந்தான். ஆலையின் பெயர் தைத்த சட்டை. வண்டியிலிருந்து நூல் பெட்டிகளைத் தானே சுமந்து இறக்கினான்.

"வாடா, உட்காரு. இதென்ன கோலம்? நம்ம கடை இருக்கறப்ப ஆலையில வேலைக்கா?"

"எனக்கு நூலை விட்டா வேற என்ன தெரியும்? வெளியில கிடைக்கல. ஆலையில கிடைச்சுது."

"நேரா இங்க வந்திருக்கலாமே?"

"கூப்பிட்டிருக்கலாமே."

தம்பி ரசீதை நீட்டினான். "சரக்கு வந்துச்சுன்னு ஒரு கையெழுத்துப் போடுங்க, சார்."

பேனாவைத் தேடுவதுபோல் அவர் குனிந்துகொண்டார். அண்ணேன்னு கூப்பிடுடா என்று சொல்ல நா வரை வந்தது. கேட்டு வாங்குகிற சொல்லா அது? கையெழுத்தைப் போட்டுக் கொடுத்தார்.