மூன்று சென்டிமீட்டர்

பையை அந்த அளவுபார்க்கும் இரும்புச் சட்டத்துக்குள் மூன்றாவது முறையாக அவன் அமுக்கியபோது உள்ளே நாய் முனகியது, பையின் மேல்கம்பி வளைந்தது, பின்னால் நின்ற வரிசை உச்சுக் கொட்டியது.

"விடுங்க சார். உயரம் மூணு சென்டிமீட்டர் அதிகம். சீட்டுக்கு அடியில போகாது," என்றாள் விமானக் கவுன்ட்டர் பெண்.

"இருபத்தஞ்சுதாம்மா. நானே அளந்தேன்."

"உள்பக்கமா அளந்தீங்களா?"

இருபத்தாறு வருடமாக அட்டைப்பெட்டிக் கம்பெனியில் அளவு போடுகிறவனைப் பார்த்து ஒரு சின்னப் பெண் கேட்ட கேள்வி. அவன் தொழிலில் அளவு என்றால் உள்ளளவுதான். பொருள் உட்காரும் இடம்தான் பேச்சு. விமானக் கம்பெனி வெளியளவைச் சொல்லியிருக்கும் என்று அவன் மண்டைக்கு எட்டவேயில்லை.

அக்கா சிகிச்சைக்காக மகள் வீட்டுக்குப் போனபோது நாயை அவனிடம் விட்டிருந்தாள். யாரைப் பார்த்தாலும் எதிர்வாதம் செய்வதால் அதற்கு வக்கீல் என்று பேர். நான்கு நாளைக்கு முன் போனில், "டேய், வக்கீலைக் கூட்டிட்டு வந்துடுடா. சீக்கிரம்," என்றாள். அந்தக் கடைசிச் சொல்லைத் தவிர மற்ற எல்லாவற்றையும் அவன் சிரத்தையாகக் கேட்டுக்கொண்டான். நாய் உள்ளே நிற்க வேண்டும், திரும்ப வேண்டும், பையோடு சேர்த்து எட்டுக் கிலோ தாண்டக் கூடாது. கெட்டிப் பெட்டியா, துணிப் பையா, காற்று வலை பக்கவாட்டிலா, மேலேயா? பெண் பார்க்கப் போனபோதுகூட அவன் இத்தனை விசாரித்ததில்லை. மூன்று நாள் போயிற்று.

காலை விமானம் அவனை விட்டுவிட்டுப் போனது. ஊருக்குள் ஓடி, கிடைத்த சின்னத் துணிப் பையை வாங்கிக்கொண்டு மதிய விமானத்தைப் பிடித்தான். ஏறுமுன் போன் செய்தபோது அத்தான், "பாத்து வா," என்று மட்டும் சொன்னார். புதுப் பைக்குள் நாயால் நிற்கவும் முடியவில்லை, திரும்பவும் முடியவில்லை. வழியெல்லாம் ஒரு குரைப்பு இல்லை.

அக்கா மகள் வீட்டு வாசலில் செருப்புகள் கிடந்த விதத்திலேயே தெரிந்துவிட்டது.

அக்காவைக் கூடத்தில் கிடத்தியிருந்தார்கள். காலை பத்தரைக்கு உயிர் போயிற்று என்றார் அத்தான். காலை விமானத்தில் ஏறியிருந்தால் ஒன்பதரைக்கெல்லாம் வீட்டில் இருந்திருப்பான்.

"நினைவு இருந்துச்சா அத்தான்?"

"வந்துட்டேல்ல, அது போதும்டா. போய் முகத்தைக் கழுவு."

பக்கத்து வீட்டு அம்மாவிடம் கேட்டான். "நம்ம கையில என்னப்பா இருக்கு," என்றாள். அக்காவைப் பார்த்துக்கொண்ட நர்ஸிடம் கேட்டான். "அதெல்லாம் இப்ப எதுக்குங்க," என்று மருந்துப் பெட்டியை மூடினாள். பெட்டிதான் அவன் பிழைப்பு. மூடி ஒட்டியிருப்பதைப் பார்த்தால் தெரியாதா?

ஆட்கள் வந்துபோகிறார்கள், நாயை வெளியே விட வேண்டாம் என்றார்கள். பையை மடியில் வைத்துக்கொண்டு பின்வாசல் படியில் உட்கார்ந்தான். அக்கா மகள் தண்ணீர் கொண்டுவந்தாள்.

"நீயாவது சொல்லும்மா. மயக்கத்துலதானே இருந்தா?"

அவள் பையைப் பார்த்தாள். கைப்பிடியில் கடைச்சீட்டு இன்னும் தொங்கிக்கொண்டிருந்தது.

"இல்ல மாமா. முழிச்சுத்தான் இருந்தாங்க. கார் சத்தம் கேக்கறப்பல்லாம் 'வக்கீல் வந்துட்டானா'ன்னு கேட்டாங்க. பத்து மணிக்கு மேல கேக்கல. வாசலையே பாத்துக்கிட்டு இருந்தாங்க."

பைக்குள் நாய் ஒருமுறை திரும்ப முயன்றது. இடம் போதவில்லை.